மூத்தம்மாவின் பூனை என்ன சாப்பிட்டது?



"சோறும் மீனும் போட்டுத்தானே நம்ம மூத்தம்மாமார் பூனை வளத்தாங்க? அதுகள் நல்லாத்தானே இருந்திச்சி? இப்ப மட்டும் என்ன டோரின், கல்சியம் எண்டு புதுசு புதுசா?"

பூனைக்கு வீட்டிலேயே சமைத்துக் கொடுப்பது பற்றிப் பேச்சு வரும் இடமெல்லாம் இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. நியாயமான கேள்வி. நான் மிருக வைத்தியர் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவன். ஆனால் இந்தக் கேள்விக்கு வைத்தியத்துக்கு முன்னால் வரலாறுதான் பதில் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். சுருக்கமான பதில் இதுதான்: மூத்தம்மாவின் பூனை சோறும் மீனும் மட்டும் சாப்பிடவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

பூனை மனிதனிடம் வந்ததே தானியத்தின் பின்னால் வந்த எலியைத் தேடித்தான். சைப்பிரஸ் தீவில் மனிதன் ஒருவனின் கப்றுக்குப் பக்கத்தில் ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2004இல் எழுதினார்கள். சுமார் 9,500 ஆண்டுகள் பழையது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. தோணியில் கொண்டுபோயிருக்கிறார்கள். பிறகு கப்பல்களிலும் பூனை ஏறியது. எகிப்தியப் பூனைகளின் மரபணு அடையாளம் பாரசீகக் கரையிலிருந்த சீராப் துறைமுகத்தின் பழைய பூனை எலும்பொன்றிலும் கிடைத்திருக்கிறது. சீராப் என்றால் நமக்கு அந்நியமான பெயர் இல்லை. அங்கிருந்து புறப்பட்ட வணிகர்கள்தான் நமது தீவை செரண்டிப் என்று எழுதிவைத்தார்கள். அந்தக் கப்பல்களில் பூனைக்கென்று தனிச் சமையல் நடந்திருக்காது. அதன் சாப்பாடு கீழ்த்தட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சாப்பாட்டைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு சுண்டெலியில் சுமார் 30 கிலோகலோரி இருக்கிறது. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 வரை தேவை. அதாவது ஏழெட்டு எலி. தசையில் புரதம், எலும்பில் கல்சியம், ஈரலில் விற்றமின் ஏ, இதயத்திலும் தசையிலும் டோரின், உடம்பு நிறையத் தண்ணீர். எதையும் அளக்கவேண்டியதில்லை, கலக்கவேண்டியதில்லை. பூனையின் உடம்பு இந்த ஒரு சாப்பாட்டை நம்பி ஆயிரமாயிரம் வருடம் இருந்தபடியால், மற்ற மிருகங்கள் உடம்புக்குள்ளேயே செய்துகொள்ளும் சில சத்துக்களைத் தேவையான அளவுக்குச் செய்யும் திறமை அதற்கு இல்லை. கரட்டைத் தின்று விற்றமின் ஏ எடுக்க நம்மால் முடியும், பூனையால் முடியாது. வெயிலில் படுத்து விற்றமின் டி எடுக்கவும் முடியாது. வெயிலில் படுப்பது சுகத்துக்குத்தான்!

இப்போது அபூஹுரைரா (ரழி) அவர்களிடம் வருவோம். பூனைக்குட்டியின் தந்தை என்ற பொருள்படும் அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை அவரே சொன்னதாகத் திர்மிதியில் இருக்கிறது. குடும்பத்தின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்த காலத்தில் அவரிடம் ஒரு சின்னப் பூனை இருந்தது. இரவில் அதை மரத்தில் வைத்துவிடுவார், பகலில் கூடவே கொண்டுபோய் விளையாடுவார். கவனியுங்கள், அது வெளியில் வாழ்ந்த பூனை. அபூகதாதா (ரழி) அவர்கள் வுழூவுக்கு வைத்த தண்ணீரைப் பூனை குடிக்கப் பாத்திரத்தைச் சரித்துக் கொடுத்த செய்தியும் பிரபலமானது. அங்கே பூனை அசுத்தமில்லை என்பதற்குச் சொல்லப்படும் காரணம், அது நம்மைச் சுற்றி வந்து போகும் பிராணி என்பது. வந்து போகும் பிராணி. (தொழுகைக்குப் போகும்போது பூனை தூங்கிய சட்டைக் கையை நபி (ஸல்) அவர்கள் வெட்டிவிட்டு எழுந்தார்கள் என்று முகநூலில் சுற்றும் கதைக்கு ஹதீஸ் நூல்களில் ஆதாரம் இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அதை விட்டுவிடுங்கள். ஆதாரமுள்ள செய்திகளே போதுமான அளவு இருக்கின்றன.)

பூனையைக் கட்டிவைத்த பெண்ணின் ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நாம் பயான்களில் அதைக் கேட்கும்போது "பட்டினி போட்டாள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஹதீஸில் இரண்டு பகுதி இருக்கிறது. அவள் உணவும் கொடுக்கவில்லை, பூமியிலுள்ள சின்னப் பிராணிகளைத் தானே பிடித்துத் தின்னும்படி விட்டுவிடவும் இல்லை. அப்படியென்றால் பூனைக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று அது தேடித் தின்னும், அல்லது நாம் கொடுப்போம். முதல் வழியை நாம் அடைத்துவிட்டால் இரண்டாவது வழி முழுவதும் நம் தலையில் விழுகிறது.

ஷாபிஈ ஃபிக்ஹிலும் இதே தர்க்கம்தான். நமது மத்ரஸாக்களில் பெயர் சொல்லப்படும் மின்ஹாஜுத் தாலிபீனில் இமாம் நவவி, வளர்ப்புப் பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது சொந்தக்காரனின் கடமை என்று எழுதுகிறார். சாப்பிடப்படாத பிராணியாக இருந்து அவன் மறுத்தால், தீனி போடு அல்லது விற்றுவிடு என்று கட்டாயப்படுத்தப்படுவான். வெளியே மேயவிட்டு அங்கே வயிறு நிறையுமானால் அதுவும் போதும் என்று விரிவுரையாளர்கள் சேர்க்கிறார்கள். நிறையாவிட்டால் மிச்சத்தை அவன்தான் கொடுக்கவேண்டும்.

அதே காலத்தில் எகிப்தை ஆண்டவர் சுல்தான் பைபர்ஸ். நவவி அவருக்குக் கடிதம் எழுதி எதிர்த்துப் பேசிய ஆள். இருவரும் வஃபாத்தானது ஒரே 1277இல். அந்த பைபர்ஸ், கெய்ரோவில் தனது பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளுக்காக வக்ஃபு செய்தார் என்பது வரலாறு. 1830களில் கெய்ரோவிலிருந்த எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் இதன் மிச்சத்தைக் கண்டிருக்கிறார். தோட்டம் கைமாறிக் கைமாறி வருமானம் அற்பமாகிவிட்டது. ஆனாலும் காழியின் முற்றத்தில் அஸரை ஒட்டிய நேரம் பூனைகளுக்குத் தீனி போடப்பட்டது, செலவில் பெரும்பகுதி காழியின் கையிலிருந்து போனது. இன்னொன்றும் எழுதுகிறார்: வேண்டாத பூனைகளை ஊர்ச்சனங்கள் கொண்டுவந்து காழி வீட்டில் விட்டுவிட்டுப் போவார்களாம். நாம் மீன் சந்தையில் விடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, நமது கரைக்கு வருவோம்.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று ஒரு பக்கம் கடல். சம்மாந்துறைப் பக்கம் வயல். இடையில் வாழ்ந்த பூனைக்குக் குறையேது? போகம் முடிந்தால் வீட்டில் நெல் மூடைகள் அடுக்கியிருக்கும், எலி வரும். கிடுகு வேலி, ஓலைக் கூரை, வளவுக்குள் விறகுக் குவியல், அதில் பல்லி, ஓணான், தத்துவெட்டி. கரைவலை இழுத்தால் மணலில் சிதறும் பொடிமீன். வீட்டில் மீன் ஆய்ந்தால் தலை, குடல், செவுள். இத்தனைக்கும் மேலே மூத்தம்மா இரவில் ஒரு பிடி சோற்றில் ஆணத்தை ஊற்றிப் பிசைந்து வைப்பார். அந்தப் பிடிச்சோறு பூனைக்கு ஒரு மேலதிகம், பாசத்தின் அடையாளம். நாம் பார்த்தது அந்தப் பிடிச்சோற்றை. வேலிக்கு அப்பால் அது தின்றதை யாரும் பார்க்கவில்லை. அதனால் நம் ஞாபகத்தில் "சோறும் மீனும்" மட்டும் மிஞ்சிவிட்டது. நோய்ப்பட்டுச் செத்த பூனைகளையும், பத்துக் குட்டியில் எட்டு வளராமல் போனதையும் யாரும் கணக்கெழுதவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த வாழ்க்கை எப்போது மாறியது? ஒரே நாளில் மாறவில்லை. வேலி மதிலானது, மண் முற்றம் சீமெந்தானது, நெல் வீட்டுக்கு வராமல் வயலிலிருந்தே ஆலைக்குப் போனது. 2004 டிசம்பர் 26 எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. கடலோரத்தில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், சனங்கள் இடம்பெயர்ந்தார்கள், வீட்டுத் திட்டங்களும் மாடிக் குடியிருப்புகளும் வந்தன. மாடியில் வளவு ஏது? பிறகு மத்திய கிழக்கிலிருந்து வந்த பழக்கமோ, கைப்பேசி வீடியோக்களின் பழக்கமோ, பேர்ஷியன் பூனைகள் ஊருக்குள் வந்தன. காசு கொடுத்து வாங்கிய பூனையை யார் வெளியே விடுவார்? விட்டால் வாகனம், நாய், பக்கத்து வீட்டில் எலிக்கு வைத்த நஞ்சு. அடைத்து வளர்ப்பதை நான் குறைசொல்லவில்லை. நகரத்தில் அதுதான் பாதுகாப்பு. ஆனால் ஹதீஸ் சொன்ன முதல் வழி அங்கே மூடிவிட்டது.

மேற்கில் இது கொஞ்சம் முந்தி நடந்தது. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் குதிரை இறைச்சியை அவித்துத் துண்டுபோட்டுத் தெருத்தெருவாகப் பூனைகளுக்கு விற்ற வியாபாரிகள் இருந்தார்கள். அந்தப் பூனைகள் வெளியிலும் வேட்டையாடின. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட் லோ என்பவர் ஈரம் உறிஞ்சும் களிமண்ணைப் பூனையின் மலசலத்துக்கென்று விற்கத் தொடங்கினார். அற்பமான பொருள் மாதிரித் தெரியும். ஆனால் பூனை வீட்டைவிட்டு வெளியே போகவேண்டிய கடைசிக் காரணமும் அதோடு தீர்ந்தது. பிறகு பூனை உயிர்வாழ்வது முழுக்க முழுக்கக் கிண்ணத்தில் விழுவதை வைத்துத்தான்.

கிண்ணத்தில் என்ன குறைகிறது என்பதை உலகம் அறிந்துகொண்டது நிறையப் பிராணிகளின் உயிரைக் கொடுத்துத்தான். இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் நமது குசினியில் நடப்பது எல்லாம் அங்கே ஏற்கனவே நடந்திருக்கிறது.

1932இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் சாஸ்டெக் என்பவரின் பண்ணையில் வளர்த்த நரிகள் கால் இழுத்து, விறைத்துச் செத்தன. அவற்றுக்குப் பச்சை மீன் கொடுக்கப்பட்டிருந்தது. சில மீன்களில் விற்றமின் பி1ஐ அழிக்கும் ஒரு நொதியம் இருக்கிறது. பூனைக்கும் இதே கதிதான்: சாப்பாட்டை வெறுக்கும், தலை கீழே வளையும், பிறகு வலிப்பு. சாளை, நெத்தலி குடும்பத்து மீன்கள் பலவற்றில் இந்த நொதியம் உண்டு. அவித்தால் அழிந்துவிடும். கரையில் பொறுக்கித் தின்ற பூனைக்கு அது பத்தில் ஒரு பங்கு. வீட்டில் அடைத்து நாள்தோறும் பச்சைச் சாளை போட்டால் அது பத்துக்குப் பத்து.

அதே ஆண்டு கலிபோர்னியாவில் டொக்டர் பொட்டெங்கர் பூனைகளை வைத்து ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார். 1942 வரை, சுமார் 900 பூனைகள். பச்சை இறைச்சி தின்றவை நன்றாக இருந்தன, சமைத்த இறைச்சி தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன. சமைப்பதே நஞ்சு என்று சிலர் இன்றும் இதைக் காட்டி வாதாடுகிறார்கள். என் கருத்தில் அது அவசர முடிவு. சமைக்கும்போது டோரின் தண்ணீரோடு கரைந்து போகும் என்பதும், பூனைக்கு டோரின் வேண்டும் என்பதும் அன்று யாருக்கும் தெரியாது.

1950களில் டின்னில் அடைத்த சூரை வகை மீனையே தின்று வளர்ந்த பூனைகளுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு மஞ்சளாகி அழன்று, தொட்டாலே கத்தும் நோய் வந்தது. எண்ணெய் மிகுந்த மீன், விற்றமின் ஈ குறைவு. 1960களில் அவுஸ்திரேலியாவில் ஈரலையே தின்ற பூனைகளின் கழுத்தெலும்புகள் ஒட்டிப்போய்த் தலையைத் திருப்பமுடியாமல் ஆனது. விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சிவிட்டது. முள்ளும் எலும்பும் இல்லாத இறைச்சியை மட்டும் கொடுத்து வளர்த்த குட்டிகளுக்குக் கால் வளைந்து, குதித்தால் எலும்பு முறிந்தது. இறைச்சியில் பொஸ்பரஸ் நிறைய, கல்சியம் மிகச் சொற்பம். உடம்பு தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுத்துக்கொள்கிறது. "என் பிள்ளை போல வளர்க்கிறேன், முள்ளில்லாத நெஞ்சிறைச்சிதான் கொடுக்கிறேன்" என்று சொல்பவர்கள் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்கவும்.

டோரின் கதைதான் பெரியது. மாட்டின் பித்தத்திலிருந்து 1827இலேயே பிரித்தெடுக்கப்பட்ட பொருள். நூற்றைம்பது வருடம் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 1975இல் ஹேஸ் என்பவரும் கூட்டாளிகளும், பாலின் புரதமான கேசீனை மட்டும் புரதமாகக் கொடுத்த பூனைகளுக்கு விழித்திரை அழிந்து கண் போவதைக் கண்டு, காரணம் டோரின் குறைவு என்று காட்டினார்கள். பிறகு 1987 ஆகஸ்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த போல் பியொன் குழுவினர் இன்னொன்றைச் சொன்னார்கள்: இதயம் பெருத்துத் தளர்ந்து பூனைகளைக் கொன்றுகொண்டிருந்த நோய்க்கும் இதுதான் காரணம், டோரின் கொடுத்தால் இதயம் தேறுகிறது. அதிர்ச்சி என்னவென்றால், அந்தப் பூனைகள் தின்றது கடையில் வாங்கிய, போதிய டோரின் இருப்பதாக நம்பப்பட்ட உணவு. அதன் பிறகுதான் கம்பனிகள் டோரினைக் கூட்டின. பெரிய ஆலைகளும் ஆய்வுகூடங்களும் வைத்திருந்தவர்களே பிழைவிட்ட கணக்கு இது. குசினிச் சட்டியில் கண்மதிப்பில் சரிவரும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

நமக்கு இந்தக் கணக்கு நேரில் வந்தது 2022இல். டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தாண்டியது. இறக்குமதிப் பூனை உணவுப் பொதி பல வீடுகளுக்கு எட்டாமல் போனது. எரிபொருள் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன, மீனும் விலை. பொதிக்குப் பழகிய பூனை, வெளியே போகத் தெரியாத பூனை, ஒரே நாளில் மூத்தம்மாவின் சோற்றுக்குத் திரும்பியது. ஆனால் மூத்தம்மாவின் வளவு அதற்கு இருக்கவில்லை. பொதியில் என்ன விலங்கின் உபபொருள் இருக்கிறதோ என்ற தயக்கத்திலும் சிலர் வீட்டுச் சமையலுக்கு வந்தார்கள். அந்தத் தயக்கத்துக்குரிய பதிலை உலமாக்களிடம் கேளுங்கள். எது காரணமானாலும் இன்று நமது ஊர்களில் பல வீடுகளில் பூனைக்கெனத் தனிச் சட்டி வைக்கிறார்கள். சமையல் குறிப்பை இணையத்தில் தேடுகிறார்கள். அதே டேவிஸ் வளாகத்தவர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 114 பூனை உணவுக் குறிப்புகளைச் சோதித்தார்கள். எல்லாச் சத்தும் போதிய அளவில் இருந்த குறிப்பு ஒன்றுகூட இல்லை.

அதற்காகச் சட்டியைக் கவிழ்க்கச் சொல்லவில்லை. எலியைச் சட்டிக்குள் கட்டியெழுப்புகிறோம் என்று நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தசைக்குக் கோழித் தொடை இறைச்சி. நெஞ்சு இறைச்சியை விடப் பல மடங்கு டோரின் அதில் உண்டு. கோழி இதயம் கிடைத்தால் சேருங்கள், மலிவும்கூட. நமது கடலின் கணவாயிலும் இறாலிலும் மட்டியிலும் டோரின் தாராளம், உப்பில்லாமல் அவித்துக் கொஞ்சம் கொடுக்கலாம். குறைந்த தண்ணீரில் அவியுங்கள், அந்தத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், அதில்தான் டோரின் கிடக்கிறது. எலும்புக்குப் பதில் முட்டை ஓடு: கழுவி, காயவைத்து, வறுத்து, மாவாக அரைத்து, அரைக் கிலோ இறைச்சிக்கு அரைத் தேக்கரண்டி அளவு. ஈரல் அரைக் கிலோவுக்கு 20, 25 கிராம், அதற்குமேல் வேண்டாம். சாளை வாரத்தில் ஒன்றிரண்டு நாள், பிரஷர் குக்கரில் முள் நசியும்வரை அவித்து. சூரை போன்ற பெரிய மீன் அன்றாடம் வேண்டாம். சோறு சேர்ப்பதென்றால் ஒரு சிறு கை. ஆணம் வேண்டவே வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், மூத்தம்மா காலத்திலும் உடைத்திருக்கும்.

இவ்வளவு செய்தும் விற்றமின் ஈ, பி1, அயடீன், டோரின் ஆகியவற்றின் சரியான அளவு சட்டியில் வந்துவிட்டதென்று சொல்லமுடியாது. சத்துக் கலவைத் தூளும் டோரினும் எவ்வளவு சேர்க்கவேண்டும் என்று, பூனையின் எடையைச் சொல்லி மிருக வைத்தியரிடம் கேளுங்கள். குட்டிக்கும் கர்ப்பமான பூனைக்கும் பால் கொடுக்கும் பூனைக்கும் வீட்டுச் சமையலை மட்டும் நம்பவேண்டாம். கையில் காசு குறைவென்றால் பாதி பொதி உணவு, பாதி சட்டி என்று கொடுப்பது, முழுவதும் சோறும் மீனும் கொடுப்பதைவிட எவ்வளவோ மேல். டோரின் குறைவு வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகும். இதயம் தளர்ந்திருந்தால் பலவேளை திரும்பிவரும். அழிந்த விழித்திரை திரும்பாது.

கரைவலையும் வாடியும் கண்ட மூத்தவர்கள் இதை வாசித்தால் ஒரு உதவி. அந்தக் காலத்தில் வாடியில் பூனை வைத்திருந்தீர்களா, அதற்கு என்ன போட்டீர்கள், எத்தனை வருடம் இருந்தது? கீழே எழுதுங்கள். எழுத முடியாதவர்களுக்காகப் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதுங்கள். சேர்த்து இன்னொரு பதிவாகப் போடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.